அவர் நடந்து போனார் என்றுதான் காட்டினார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் சீனச் சரித்திரக் காதல் தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாதி வரை நன்றாகத்தான் இருந்தது. உடை, தலை அலங்காரம், அரண்மனைச் சூழ்ச்சி எல்லாம் சரி. அப்புறம் கட்டுரையாளர் போகிற போக்கில் இரண்டு விஷயம் சொல்கிறார். ஒன்று, சீனர்களுக்குக் கதையை முடிக்கத் தெரியாது, கடைசிப் பகுதியில் எல்லாவற்றையும் அந்தரத்தில் விட்டுவிடுவார்கள் என்பது. இன்னொன்று, ‘ஸ்கார்லெட் ஹார்ட்’ தொடரின் முடிவில் நாயகனும் நாயகியும் அருங்காட்சியகத்தில் மறுபடி சேர்ந்துவிடுகிறார்கள் என்பது. முதலாவது அவருடைய கருத்து, இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவது தப்பு. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளம் என்று தோன்றினால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசியில் மட்டும் வெட்டாதீர்கள். முடிவை வெட்டினால் என்ன ஆகும் என்பதும் கீழே வருகிறது.

முதலில் அந்தக் காட்சி. தொடர் வந்தது 2011இல், 35 பகுதிகள். சீனப் பெயர் ‘பூ பூ ஜிங் ஷின்’, அடிக்கு அடி நெஞ்சு பதறுகிறது என்று சொல்லலாம். இந்தக் காலத்துப் பெண் ஜாங் ஷியாவ், காங்ஷி பேரரசர் காலத்தில் ருவோஷி என்கிற பெண்ணின் உடம்பில் கண் விழிக்கிறாள். இளவரசர்களின் அரியணைச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறாள், நான்காம் இளவரசர் யின்ஜனைக் காதலிக்கிறாள், அவர் பேரரசர் ஆன பிறகு அவரை விட்டு விலகி, பார்க்க வரும்படி கடிதம் எழுதிவிட்டு, அவர் வந்து சேருமுன் இறந்துபோகிறாள். பிறகு மருத்துவமனையில் ஜாங் ஷியாவாக எழுந்திருக்கிறாள். அருங்காட்சியகத்துக்குப் போகிறாள், அங்கே ஒரு பழைய ஓவியம், அதில் அவளும் நிற்கிறாள். அழுகிறாள். திரும்புகிறாள். எதிரே யின்ஜனின் அதே முகம், இந்தக் காலத்து உடையில். இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறார்கள். யார் இந்தப் பெண், ஏன் இப்படி அழுகிறாள் என்பது போல அவர் ஒரு பார்வை பார்க்கிறார். பார்த்துவிட்டு நடந்து போய்விடுகிறார்.

அவ்வளவுதான். பெயர் கேட்கவில்லை, கை நீட்டவில்லை, நின்று ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைச் “சேர்ந்துவிட்டார்கள்” என்று எழுதினால் எப்படி? என் மகளும் இதையேதான் சொல்வாள். “அம்மா, அவர் ஒரு நிமிஷம் நின்னாரே, அப்படின்னா உள்ளுக்குள்ளே ஏதோ தட்டியிருக்கு, வெளியே போய்க் காத்துக்கிட்டு இருப்பார்” என்பாள். அந்த இடத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறோம். அவள் சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே காத்திருப்பது அவள் எடுத்த காட்சி, இயக்குநர் எடுத்ததில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: திரையில் இருப்பதை முதலில் அப்படியே சொல்லிவிட்டு, அப்புறம் நமக்குத் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். இரண்டையும் குழப்பினால் முடிவு புரியவில்லை என்ற புகாரும் வரும், சேர்ந்துவிட்டார்கள் என்ற தப்பான செய்தியும் வரும். உங்கள் கட்டுரையில் ஒரே பத்தியில் இரண்டும் வந்துவிட்டன.

இந்தத் தொடரைச் சீனப் பார்வையாளர் பார்ப்பதற்கும் நாம் பார்ப்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர்களுக்கு யின்ஜன் யார் என்று முன்னாலேயே தெரியும். காங்ஷி 61 ஆண்டுகள் ஆட்சி செய்து 1722இல் இறந்தார், நான்காம் மகன் யோங்ஜெங் என்ற பட்டத்தோடு அரியணை ஏறினார், 13 ஆண்டுகள் ஆட்சி செய்து 1735இல் போய்ச் சேர்ந்தார். எதிர்த்து நின்ற எட்டாம் இளவரசரை அரச வம்சத்திலிருந்தே நீக்கி, பெயரையும் மாற்றி, சிறை வைத்தார்கள், அவர் 1726இல் இறந்தார். இது அங்கே ஊரறிந்த சரித்திரம். யார் ஜெயிப்பார் என்ற பதற்றமே கிடையாது. நாயகிக்கும் அது தெரியும், எதிர்காலத்திலிருந்து வந்தவள் இல்லையா! எல்லாருடைய முடிவும் தெரிந்த ஒருத்திக்குத் தன் முடிவு மட்டும் தெரியவில்லை. அந்தக் கதையின் வலியே அங்கேதான். அப்படிப்பட்டவளைக் கடைசியில் அருங்காட்சியகத்தில் நிறுத்தி, அவள் நினைவில் இருக்கும் எல்லாரையும் சுவரில் படமாக மாட்டிவிட்டு, உயிரோடு எதிரே வருகிற ஒருவருக்கு மட்டும் நினைவில்லாமல் செய்கிறார்கள். முடிக்கத் தெரியாதவர்கள் செய்கிற வேலையா இது? நாவலில் இந்த அருங்காட்சியகக் காட்சி கிடையாது, தொடருக்காகவே யோசித்துச் சேர்த்தது.

சரி, எல்லா முடிவும் இவ்வளவு தெளிவா என்றால் இல்லை. நிஜமாகவே இரண்டு பக்கமும் சாயக்கூடிய முடிவுகள் நிறைய. அதில் பாதிக் குழப்பம் மொழியில் வருகிறது. நான் பள்ளியில் தமிழ் இலக்கணம் எடுப்பவள், அதனால் இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். நாயகன் போருக்குப் புறப்படுகிறான் என்று வையுங்கள். நாயகி “வோ டெங் நி” என்கிறாள். மூன்றே சொல்: நான், காத்திரு, நீ. சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது. உனக்காகக் காத்திருந்தேன், காத்திருக்கிறேன், காத்திருப்பேன், எதுவாகவும் இருக்கலாம், இடத்தைப் பார்த்துத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆங்கில சப்டைட்டில் போடுபவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். “காத்திருப்பேன்” என்று போட்டால் அது வாக்குறுதி, அவன் வருவான் என்று நமக்கு நம்பிக்கை வந்துவிடும். “காத்திருந்தேன்” என்று போட்டால் கதை முடிந்துவிட்டது என்று கண்ணீர் விடுவோம். நாம் சண்டை போடுவது சப்டைட்டில் போட்ட யாரோ ஒருவருடைய முடிவை வைத்து.

இது நமக்கு ஒன்றும் புதிதில்லை. ஊறுகாய் என்ற சொல்லைத்தானே வினைத்தொகைக்கு உதாரணமாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய், மூன்றும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ‘காலம் கரந்த பெயரெச்சம்’ என்று நன்னூல் சொல்கிறது. அந்த நாயகி சொன்னது ஒரு வினைத்தொகை மாதிரி. அதில் காலம் இல்லை என்று யாரும் குறை சொல்வதில்லை, காலம் கரந்திருக்கிறது என்கிறோம். எந்தக் காலம் என்று அடித்துக் கேட்டால் சொல்லின் அழகு போய்விடும்.

‘தா’ என்றொரு சொல் இருக்கிறது. அவன், அவள் இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றே, எழுத்தில்தான் வேறு. நம் ‘அவர்’ போல வைத்துக்கொள்ளுங்கள். வயதான ஒருவர் சாகும்போது “தா வந்துவிட்டாரா” என்று கேட்டால் காதுக்கு ஆணா பெண்ணா தெரியாது, திரையின் அடியில் வரும் சீன எழுத்து தெரிந்தால்தான் உண்டு.

மொழியைத் தாண்டிச் சில அடையாளங்கள் இருக்கின்றன, அவை நமக்கு வெறும் அழகுக் காட்சியாகப் போய்விடும். பனி கொட்டுகிறது, இரண்டு பேர் குடை இல்லாமல் நிற்கிறார்கள், தலை வெள்ளையாகிறது. நாம் “என்ன அருமையான ஒளிப்பதிவு” என்போம். சீனத்தில் தம்பதியை வாழ்த்தும்போது ‘தலை நரைக்கும்வரை சேர்ந்து மூப்படைக’ என்று வாழ்த்துவார்கள். சேர்ந்து கிழடாக முடியாதவர்களுக்குப் பனி வந்து ஒரு நிமிஷத்தில் தலையை நரைக்க வைத்துவிடுகிறது. அந்தக் காட்சி வந்தால் எனக்கு உடனே புரிந்துவிடும், இவர்களுக்கு இந்தப் பிறவியில் இவ்வளவுதான் என்று. அதே நேரம், அந்த ஒரு நிமிஷம் அவர்கள் சேர்ந்து கிழடாகிவிட்டார்கள் என்பதும் உண்மைதான். சோகமா சந்தோஷமா என்று கேட்டால் என்ன சொல்வது?

சிலேடை வேறு. குடைக்குச் சீனச் சொல் ‘சான்’, கலைந்து பிரிவதற்கும் கிட்டத்தட்ட அதே ஒலி. பேரிக்காய் ‘லீ’, பிரிவும் ‘லீ’, அதனால் காதலர்கள் பேரிக்காயை வெட்டிப் பங்கு போட மாட்டார்கள். வழியனுப்பும்போது வில்லோ மரக் கொம்பை ஒடித்துக் கொடுப்பார்கள், ‘இருந்துவிடேன்’ என்பதற்கும் அந்த மரத்தின் பெயருக்கும் ஒலி நெருக்கம். நமக்கு இரட்டுற மொழிதல் தெரியாதா என்ன, காளமேகத்தைப் படித்தவர்கள்தானே. ஆனால் வேற்று மொழிச் சிலேடை காதில் விழாது. யாராவது சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் மறுபிறவி. இதில் நாம்தான் ஏமாறுகிறோம், நமக்கும் மறுபிறவி தெரியும் என்ற நினைப்பில். சீன நம்பிக்கையில் இறந்தவர்கள் நாய்ஹே பாலம் கடக்கும் இடத்தில் மெங் போ என்ற கிழவி ஒரு கஷாயம் கொடுப்பாள், குடித்தால் முன்பிறவி மொத்தமும் மறந்துவிடும். நம் சினிமாவில் மறுபிறவி என்றால் கடைசியில் ஏதாவது ஒரு கோவிலிலோ கோட்டையிலோ பழைய ஞாபகம் வந்தே தீரும். அங்கே மறப்பதுதான் முறை. ஆகவே ஒரே முகம் கொண்ட இரண்டு பேர் கடைசிக் காட்சியில் எதிரும் புதிருமாக வந்து அடையாளம் தெரியாமல் நின்றால் அது அரைகுறை முடிவு ஆகாது, கஷாயம் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். நினைவு இல்லாமல் மறுபடி பிடித்துப்போகுமா என்பதுதான் அங்கே கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் விடுவார்கள், சொன்னால் இன்னொரு தொடர் எடுக்க வேண்டும்.

நிஜமாகவே அப்படி இன்னொரு தொடர் எடுத்தும் இருக்கிறார்கள். ‘ஒன் அண்ட் ஒன்லி’, 2021 ஆகஸ்ட், 24 பகுதிகள். தளபதி ஜோவ்ஷெங் சென் மேல் ராஜத்துரோகப் பழி விழுகிறது, எலும்பை உருவும் தண்டனை, அவர் இறந்தபின் நாயகி கோட்டை மதிலிலிருந்து குதிக்கிறாள். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் அடுத்த மாதமே அதே நடிகர்கள் ரென் ஜியாலுன், பாய் லூ இருவரையும் வைத்து, அதே ஜோவ்ஷெங் சென் என்ற பெயரோடு, இந்தக் காலத்தில் நடக்கும் ‘ஃபாரெவர் அண்ட் எவர்’ வந்தது, 30 பகுதிகள், அதில் கல்யாணம் எல்லாம் நடக்கிறது. முதலாவதோடு நிறுத்தியவருக்கு இது சோக முடிவு, இரண்டையும் பார்த்தவருக்கு இன்ப முடிவு. நான் முதலாவதோடு நிறுத்தச் சொல்வேன். அந்த மதிலிலிருந்து குதித்தவளுக்கு அதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது. என் மகள் இதற்காக இரண்டு நாள் பேசவில்லை.

சீன ரசிகர்கள் இதற்கென்றே சொற்கள் வைத்திருக்கிறார்கள். எச்.இ. என்றால் இன்ப முடிவு, பி.இ. என்றால் துன்ப முடிவு, ஓ.இ. என்றால் திறந்துவிட்ட முடிவு. ‘டில் தி எண்ட் ஆஃப் தி மூன்’ (2023) எந்த நாவலிலிருந்து வந்ததோ அந்த நாவலின் பெயரிலேயே ‘பி.இ.’ என்ற எழுத்துகள் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால் நாவலில் இருவரும் சேர்கிறார்கள், தொடரில்தான் நாயகன் தான்தாய் ஜின் தன்னையே பலி கொடுக்கிறான், நாயகி லீ சூசூ மகளோடு மிஞ்சுகிறாள். பேரில் சோகத்தை வைத்துச் சேர்த்துவைத்தார் நாவலாசிரியை, தொடர்காரர்கள் பேரை மாற்றிவிட்டுப் பிரித்துவைத்தார்கள்.

இப்போது கட்டுரையாளருக்குச் சாதகமாகவும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிஜமாகவே சொதப்பின முடிவுகளும் இருக்கின்றன. அவற்றுக்குக் காரணம் பெரும்பாலும் கலை இல்லை, விதிமுறை. 2011 வசந்த காலத்தில், அதாவது ‘ஸ்கார்லெட் ஹார்ட்’ வருவதற்குச் சில மாதம் முன்னால், சீன ஒளிபரப்பு நிர்வாகம் காலப்பயணத் தொடர்கள் சரித்திரத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்கின்றன என்று கண்டித்தது. அதற்குப் பிறகு காலம் தாண்டிப் போகிற கதையை எடுத்தால் கனவு, ஆராய்ச்சி, எழுதுகிற கதை என்று ஏதாவது போர்வை தேவைப்பட்டது. 2019இல் வந்த ‘ஜாய் ஆஃப் லைஃப்’ ஒரு கல்லூரி மாணவன் எழுதும் நாவலாகத் தொடங்குவது அதனால்தான் என்று பார்த்தவுடனே தெரியும். 2020 பிப்ரவரியில் இன்னொரு அறிவிப்பு, தொடர்கள் கூடுமானவரை 40 பகுதிக்கு மேல் போக வேண்டாம், 30க்குள் முடித்தால் நல்லது என்று. 2018இல் ‘ஆஷஸ் ஆஃப் லவ்’ 63 பகுதி ஓடியது. அந்த அளவு கதையை 40க்குள் திணித்தால் அடி வாங்குவது கடைசி இரண்டு பகுதிதான். ஐநூறு வருஷம் கடந்தது என்று ஒரு வரி போட்டுவிட்டு, பூ உதிர, ஒருவர் திரும்பிப் பார்க்க, முடிந்தது! அதற்கெல்லாம் நாம் உட்கார்ந்து உள்ளுறை உவமம் தேட வேண்டாம்.

எது கலை, எது வெட்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு ஒரு வழி தெரியும், வாயைப் பாருங்கள். சீனத் தொடர்களில் பெரும்பாலும் குரல் கலைஞர்கள் பிற்பாடு குரல் கொடுப்பார்கள், அதனால் படப்பிடிப்பு முடிந்த பிறகும் வசனத்தை மாற்ற முடியும். கடைசிப் பகுதியில் வாய் நீளமாக அசைந்து, காதில் இரண்டே சொல் விழுந்தால், அங்கே வேறு ஏதோ சொல்லியிருந்தார்கள் என்று அர்த்தம். முதுகைக் காட்டிக்கொண்டு முக்கியமான வசனம் பேசினாலும் அதே சந்தேகம்தான். இது துல்லியமான சோதனை ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு ஓரளவு கைகொடுத்திருக்கிறது.

விதிமுறை கட்டிப்போட்ட இடத்திலும் அழகாக முடித்தவர்கள் உண்டு. ‘தி அன்டேம்ட்’ (2019) தொடர் எந்த நாவலிலிருந்து வந்ததோ அந்த நாவலில் அது இரண்டு ஆண்களின் காதல் கதை. அங்கே திரையில் அதைக் காட்ட அனுமதி இல்லை, நட்பு என்றுதான் எடுக்க வேண்டும். கடைசியில் இருவரும் ஆளுக்கொரு பாதையில் பிரிகிறார்கள். பிறகு அவர்களில் ஒருவனான வெய் வூஷியன் தனியாக மலை உச்சியில் நின்று புல்லாங்குழல் வாசிக்கிறான். பின்னாலிருந்து ஒரு குரல் “வெய் யிங்” என்று அவனுடைய இயற்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. திரும்புகிறான், சிரிக்கிறான். கூப்பிட்டவரைக் காட்டவே இல்லை. அதிகாரிக்கு ஒரு முடிவு, ரசிகருக்கு ஒரு முடிவு, இரண்டுக்கும் ஒரே சிரிப்பு. இந்தத் தொடரின் கடைசிப் பகுதிகளை முன்கூட்டியே பார்க்கத் தனியாகக் காசு வாங்கினார்கள் (அந்த வழக்கத்தை 2021 அக்டோபரில் அங்குள்ள பெரிய தளங்கள் கைவிட்டுவிட்டன). காசு கொடுத்து முடிவைப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு முகம் திரும்புவது. யாரும் ஏமாந்ததாகச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியாது. முடிவு தெரியாத காதல் கதை என்றால் சீனர்களுக்குத் தாய் மாதிரி ஒரு நாவல் இருக்கிறது, சிவப்பு மாளிகைக் கனவு. சாவ் ஷுவேசின் எழுதியதாக 80 அத்தியாயம் கையெழுத்துப் பிரதியாகப் புழங்கியது. அவர் இறந்து பல ஆண்டு கழித்து 1791இல் 120 அத்தியாயமாக அச்சில் வந்தது. கடைசி 40 யாருடையது, அவர் நினைத்த முடிவு எது என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள், அதற்கென்றே ஒரு ஆராய்ச்சித் துறை இருக்கிறது. 1987இல் சீன அரசுத் தொலைக்காட்சி 36 பகுதியாக எடுத்தபோது, அச்சில் இருந்த முடிவை விட்டுவிட்டு, முதல் 80 அத்தியாயத்தில் கிடைக்கும் குறிப்புகளை வைத்து ஆய்வாளர்கள் ஊகித்த முடிவைப் படமாக்கினார்கள். இன்று ரசிகர்கள் ஒரு முடிவு மனசை அறுத்தால் “யி நான் பிங்” என்கிறார்கள், நெஞ்சு ஆறவில்லை என்பது போல. அந்தச் சொல்லே இந்த நாவலின் ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் பாட்டிலிருந்து வந்ததுதான். இருநூறு வருஷத்துக்கு மேலாக முடிவில்லாத கதையோடு குடித்தனம் நடத்துகிறவர்களைப் பார்த்து “உங்களுக்கு முடிக்கத் தெரியவில்லை” என்று சொல்வது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

நாமும் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று, களவில் கூடியபோது சாட்சிக்கு யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு மட்டும்தான் இருந்தது என்று தலைவி சொல்வாள். அவன் வந்தானா, மணந்தானா? பாட்டு குருகோடு நின்றுவிடுகிறது. வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளை கேட்கும், “அப்புறம் என்ன ஆச்சு டீச்சர்?” நான் பதில் சொன்னதில்லை, எனக்கும் தெரியாது.

எனக்கு எரிச்சல் தருவது யூடியூபில் ‘முடிவு விளக்கம்’ என்று பத்து நிமிஷம் பேசுகிறவர்கள். அவர்களுக்கு எல்லாமே நிச்சயம். கடைசிக் காட்சியில் வண்ணத்துப்பூச்சி பறந்தால் உடனே லியாங் ஷான்போ, ஜூ யிங்தாய் கதை, இறந்த காதலர்கள் வண்ணத்துப்பூச்சி ஆனார்கள், ஆகவே இவர்களும் செத்துவிட்டார்கள், முடிந்தது கணக்கு. சில சமயம் வண்ணத்துப்பூச்சி வெறும் வண்ணத்துப்பூச்சிதான், கிராபிக்ஸ் செய்தவருக்குப் பிடித்திருக்கும். ஓர் அடையாளத்தை நம்ப வேண்டுமென்றால் அது கதைக்குள் முன்னாலேயே இரண்டு மூன்று முறை வந்திருக்க வேண்டும், யாராவது அதைத் தொட்டிருக்க வேண்டும், பேசியிருக்க வேண்டும். நாற்பது பகுதியில் ஒரு தடவையும் வராத பூச்சி கடைசியில் வந்து உட்கார்ந்தால் அதன் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா?

ஆகவே ஆசிரியர் அவர்களே, ‘ஸ்கார்லெட் ஹார்ட்’ முடிவுக்கு ஒரு சிறு திருத்தம் போடுங்கள். “சேர்ந்தார்கள்” என்பதை எடுத்துவிட்டு “சந்தித்தார்கள், அவர் நடந்து போனார்” என்று போட்டால் போதும். என் மகளுக்கு அதில் வருத்தம்தான், அவள் தனியாக உங்களுக்கு ஒரு மறுப்பு எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். வந்தால் அதையும் போடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள், அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது யார் சாகிறார்கள் என்பதைத் தலைப்புக்குக் கீழே பெரிய எழுத்தில் போடாதீர்கள். அந்தக் கட்டுரையில் இரண்டாவதாகச் சொன்ன தொடரில் எனக்கு இன்னும் 11 பகுதி பாக்கி இருந்தது.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருத்தி